புது பேட்டரி போட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகலையா? பழைய ஆம்னியில் கரன்ட் எங்கே காணாமல் போகிறது?

காலை 4.50 மணி. ஈரோட்டில் ஒரு வீட்டு வாசல். 2008 மாடல் ஆம்னி வேனில் உட்கார்ந்து அப்பா சாவியைத் திருப்புகிறார். 'டிக்'. டேஷ்போர்டு விளக்கு ஒரு நொடி மங்கி, மறுபடி எரிகிறது. இன்னொரு தடவை. 'டிக்'. அவ்வளவுதான்.

பின் சீட்டில் அம்மா. மடியில் ஒரு போர்வை, பக்கத்தில் மருத்துவமனை ஃபைல். 5.30-க்கு டயாலிசிஸ் யூனிட்டில் இருக்க வேண்டும். வாரத்தில் 3 நாள், இரண்டு வருடமாக இதே நேரம், இதே வண்டி.

"அம்மிணி, அந்த ஆட்டோக்கார அண்ணனுக்கு ஒரு போன் போடு" என்கிறார் அப்பா. பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகள், போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறார். அந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

இத்தனைக்கும் வண்டியில் இருப்பது புது பேட்டரி. 14 மாதத்தில் மூன்றாவது பேட்டரி. முதலாவது போனபோது, "பழசுங்க, ஆயுசு முடிஞ்சது" என்றார்கள். இரண்டாவது போனபோது, "இது லோக்கல் சரக்குங்க, நல்ல கம்பெனியா போடுங்க" என்றார்கள். நல்ல கம்பெனி போட்டும் வண்டி அடம்பிடிக்க, அடுத்த யோசனை வந்தது: "டைனமோவை மாத்தீரலாமுங்க."

இந்த 14 மாதத்தில் மாற்றச் சொன்னவர்கள் பலர். ஒரு மீட்டரை வைத்து அளந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இந்த வண்டியை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள்?

1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019-ல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி இது. 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். முன் சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின், பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவு. கல்யாணத்துக்கு எட்டுப் பேர், சந்தைக்கு நாலு மூட்டை, சினிமாவில் ஆள் கடத்தல் என எல்லாவற்றுக்கும் இதுதான் வந்தது. முட்டி மடக்க முடியாத பெரியவர்கள் ஏறி இறங்கவும், வீல் சேரை மடக்கிப் பின்னால் போடவும் வசதி என்பதால் பல வீடுகளில் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறார்கள்.

சொந்தப் பயன்பாட்டுக் காருக்குப் பதிவு 15 ஆண்டுதான். அதற்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆகிவிட்டது. அதையும் கட்டி வண்டியை வைத்திருக்கிற குடும்பத்துக்கு, வருடத்துக்கு ஒரு பேட்டரி என்பது சாதாரணச் செலவு இல்லை.

ஒரு நல்ல செய்தி: இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் எலக்ட்ரிக்கல் வேலை எளிமையானது. கார்புரேட்டர் மாடலில் கம்ப்யூட்டரே கிடையாது. பிறகு வந்த எம்பிஎஃப்ஐ மாடலில் இன்ஜினைக் கவனிக்க ஒரு இசிஎம் இருக்கும், அதோடு சரி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தே முக்கால்வாசி கோளாறை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கரன்ட் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வரணும்

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்பும் கரன்ட், விளக்கையோ மோட்டாரையோ இயக்கிவிட்டு, நெகட்டிவுக்குத் திரும்பி வந்தால்தான் வேலை நடக்கும். வீட்டு வயரிங்கில் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரண்டு வயர். வண்டியில் அப்படி இல்லை. போவதற்குத்தான் வயர், திரும்பி வரும் பாதை வண்டியின் இரும்பு உடம்பு. பட்டறையில் 'பாடி எர்த்' என்று சொல்வது இதைத்தான். பூமியோடு அதற்குச் சம்பந்தம் ஒன்றும் இல்லை.

புது வண்டியில் இது பிரச்சினையே இல்லை. 15 வருடம் மழையும் தூசியும் பார்த்த வண்டியில், எர்த் வயர் பாடியில் போல்ட் போட்டு இறுக்கிய இடத்தில் துரு ஏறியிருக்கும். மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். போல்ட் தளர்ந்திருக்கும். பாசிட்டிவ் வயரைத் தேடித் தேடிப் பார்ப்பவர்கள், திரும்பி வரும் பாதையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. இன்ஜின் நேரடியாக பாடியில் உட்காரவில்லை. அதிர்வு தெரியாமல் இருக்க ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரன்டைக் கடத்தாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கத் தனியாக ஒரு செம்புப் பின்னல் பட்டையோ தடித்த கேபிளோ இருக்கும். செல்ஃப் மோட்டார் எடுக்கும் மொத்தக் கரன்டும் இந்த ஒரு பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர், பேட்டரியை சார்ஜ் பண்ணுவதற்கும் இதே பட்டைதான் பாதை. ஈரோட்டு வண்டிக்குத் திரும்பி வரும்போது இந்தப் பட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரில் என்ன பார்க்கணும்?

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைக்க வேண்டும். சிவப்பு வயர் 'வி' என்று போட்ட துளையில் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். 10 ஆம்ப் துளையில் செருகியபடி பேட்டரியில் வைத்தால் அது நேரடி ஷார்ட். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி இருக்கட்டும். இன்ஜின் ஓடும்போது துப்பட்டா, தலைமுடி, சட்டைக் கை எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஆம்னியில் சீட்டைத் தூக்கிவிட்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டியிருப்பதால் இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை.

முதலில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரி வோல்ட்டேஜ். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். '12 வோல்ட் பேட்டரிதானே, 12 காட்டுது, நல்லாத்தானே இருக்கு' என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தப்பு.

அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் அதே இடத்தில் மீட்டரைப் பார்க்க வேண்டும். இறங்கும், ஆனால் 9.6-க்குக் கீழே போகக் கூடாது. முழு சார்ஜில் இருந்தும் 8, 7 என்று சரிந்தால் பேட்டரி உள்ளே செத்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். இறங்காமல் 11-க்கு மேலேயே நின்று, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை என்றால், பேட்டரியிடம் கரன்ட் இருக்கிறது; ஆனால் அது மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. 13.8-லிருந்து 14.5-க்குள் இருந்தால் சார்ஜிங் சரி. ஹெட்லைட் போட்ட பிறகும் பெரிதாக இறங்கக் கூடாது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர், நம்ம ஊர் பாஷையில் 'கட்-அவுட்', கெட்டுவிட்டது. பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் பல்ப் அடிக்கடி ஃபியூஸ் ஆவதும் இதனால்தான் இருக்கும்.

மகள் ஒரு மீட்டர் வாங்கி வந்து சனிக்கிழமை பார்த்தபோது கிடைத்த எண்கள் இவை. காலையில் 12.2. செல்ஃப் அடிக்கும்போது 11.0, வெறும் 'டிக்'. பக்கத்து வீட்டுத் தம்பிகள் தள்ளி ஸ்டார்ட் ஆன பிறகு, ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டு 13.0.

பாதி சார்ஜில் உள்ள பேட்டரி, சார்ஜ் போதவில்லை. இந்த இடத்தில் யாராக இருந்தாலும் 'டைனமோ போச்சு' என்றுதான் சொல்லியிருப்பார்கள். 11.0 என்ற அந்த நடு எண் மட்டும் இடிக்கிறது. பேட்டரி 11 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை. மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாயில் வரவில்லை என்பது மாதிரி. தொட்டியை மாற்றினால் சரியாகிவிடுமா?

அடைப்பைக் கண்டுபிடிக்கும் ஒரே டெஸ்ட்

இதற்குப் பெயர் 'வோல்ட்டேஜ் டிராப்' சோதனை. பெயர்தான் பெரிது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கொம்பிலும் (மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் அல்ல, கொம்பிலேயே), மறுமுனையை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைக்க வேண்டும். இப்போது செல்ஃப் அடிக்க வேண்டும். இரண்டு முனையும் ஒரே எர்த்தில்தான் இருக்கின்றன. எனவே மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் காட்டும் ஒவ்வொரு பாயின்ட்டும் செல்ஃப் மோட்டாருக்குப் போகாமல் வழியில் வீணாகும் வோல்ட்டேஜ்.

ஈரோட்டு வண்டியில் அது 3.8 காட்டியது.

பேட்டரி கொடுத்த 11-ல் 3.8 எர்த் பட்டையிலேயே போய்விட்டது. செல்ஃபுக்கு மிஞ்சியது 7 சொச்சம். அதில் சோலினாய்டு 'டிக்' என்று இழுக்கும், மோட்டார் சுற்றாது. சார்ஜிங்கிலும் அதே கதை. மீட்டரின் சிவப்பு முனையை டைனமோவின் தடித்த வயர் போல்ட்டிலும், கறுப்பு முனையை டைனமோவின் உடம்பிலும் வைத்தபோது 14.1 வந்தது. அதே நேரம் பேட்டரியில் 13.0. டைனமோ சரியாகத்தான் வேலை செய்கிறது. 1.1 வோல்ட் வழியில் தொலைகிறது. அதனால் பேட்டரி ஒருநாளும் முழுசாக நிறையவில்லை. லெட்-ஆசிட் பேட்டரியைத் தொடர்ந்து அரைகுறை சார்ஜில் வைத்தால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து ஆயுசு குறையும். மூன்று பேட்டரிகளுக்கும் நடந்தது இதுதான்.

பழைய டிரைவர்கள் 'கேபிள் சுடுது' என்று ஒரு அறிகுறி சொல்வார்கள். அது கட்டுக்கதை அல்ல. எர்த் பட்டை கெட்டுவிட்டால் கரன்ட் வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் தொடும் இன்னொரு உலோகம் எது? ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள். பல முறை செல்ஃப் அடித்துவிட்டு அந்தக் கேபிளின் உறையைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும். சில வண்டிகளில் உறை உருகி, கேபிள் இறுகிக்கூடப் போகும். கிளட்ச் கேபிள் அடிக்கடி போகிறது என்று புலம்புபவர்கள் எர்த் பட்டையையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. மீட்டரில் 'பீப்' சத்தம் வரும் கன்டின்யூட்டி மோடில் பார்த்துவிட்டு 'வயர் நல்லாருக்கு' என்று முடிவு பண்ணக் கூடாது. நூறு இழையில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும். அந்த ஓர் இழையால் செல்ஃப் மோட்டாருக்கான கரன்டைச் சுமக்க முடியாது. வயரை வேலை வாங்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

பிரேக் அடித்தால் இண்டிகேட்டர் மினுங்குகிறதா?

அதுவும் எர்த்தான். பின் விளக்குக் கூட்டில் பிரேக், பார்க், இண்டிகேட்டர் மூன்றுக்கும் பொதுவாக ஒரே எர்த் வயர். அது விட்டுப்போனால், பிரேக் விளக்கின் கரன்ட் திரும்ப வழியில்லாமல் இண்டிகேட்டர் பல்ப் வழியாகப் பின்பக்கமாகப் புகுந்து போகும். அதனால் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் பார்க் விளக்கு கண்ணடிக்கும். பல்பை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. ஹோல்டரைக் கழற்றி, எர்த் தொடும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகும்.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்ப் போயிருக்கும். சில பழைய பிளாஷர்களில் வேகமாக அடிக்காமல் அப்படியே நின்றும்விடும்.

நிற்கிற வண்டியில் யார் கரன்ட் திருடுவது?

இரண்டு நாள் ஓட்டாமல் விட்டால் பேட்டரி இறங்குகிறது, தினமும் ஓட்டினால் பிரச்சினை இல்லை என்றால் அது வேறு வியாதி. எல்லா ஸ்விட்ச்சும் ஆஃப் ஆன பிறகும் ஏதோ ஒன்று கரன்ட் எடுத்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. உள்ளே எரியும் 5 வாட் விளக்கு கிட்டத்தட்ட 0.4 ஆம்ப் எடுக்கும். இந்த ரக வண்டிகளில் பரவலாகப் போடும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி அந்த ஒரு விளக்குக்கே மூன்றரை நாளில் முழுசாகக் காலியாகிவிடும். ஒன்றரை, இரண்டு நாளிலேயே செல்ஃப் அடிக்க முடியாத நிலைக்கு வரும். ஸ்லைடிங் கதவு சரியாகச் சாத்தவில்லை, கதவு ஸ்விட்ச் மாட்டிக்கொண்டது என்பதெல்லாம் போதும்.

ஆனால் பழைய வண்டியில் முதல் சந்தேகம் விழ வேண்டியது கம்பெனி வயரிங் மேல் இல்லை, பிறகு ஏற்றிய சாமான்கள் மேல்தான். மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, சென்ட்ரல் லாக், ஜிபிஎஸ், எல்இடி பட்டி. அவசரத்தில் கிடைத்த வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். மாமா பையன் தீபாவளி லீவில் மாட்டிக் கொடுத்த ஆம்ப்ளிஃபையருக்கு இதில் தனி இடம் உண்டு.

கண்டுபிடிக்க: பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, கிளாம்ப்புக்கும் கொம்புக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்ப் மோடில் வைக்க வேண்டும். சாவி ஆஃப், கதவுகள் சாத்தியிருக்க வேண்டும். 50 மில்லி ஆம்ப்புக்குள் இருந்தால் கவலை இல்லை. அதிகம் காட்டினால், ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது எண் சடாரென்று இறங்குகிறதோ, திருடன் அந்த லைனில் இருக்கிறான். எதைப் பிடுங்கினாலும் இறங்கவில்லை என்றால், பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்த ஏதோ ஒரு வயர், அல்லது டைனமோவுக்குள் கெட்டுப்போன டையோடு. மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

சிகரெட் பேப்பர் சுற்றிய ஃபியூஸ்

இதுவரை சொன்னதெல்லாம் வண்டி ஸ்டார்ட் ஆகாத பிரச்சினை. இனிச் சொல்வது வண்டி எரிகிற பிரச்சினை.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. கடை தூரம். அந்த இடத்தில் ஒரு வயர்த் துண்டையோ சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளையோ சொருகினால் வண்டி ஓடும். 'ஊருக்குப் போய் மாத்திக்கலாம்' என்பார்கள். மாற்ற மாட்டார்கள்.

ஃபியூஸ் என்பது பாதுகாப்பது ரேடியோவையோ விளக்கையோ அல்ல, வயரை. ஒரு வயர் 15 ஆம்ப் தாங்கும் என்றால், அதற்கு மேல் போகும்போது வயருக்கு முன்னால் உருகிப்போவதற்காகத்தான் 15 ஆம்ப் ஃபியூஸ். அந்த இடத்தில் 30 ஆம்ப் போட்டால், உருகப்போவது வயர். அதுவும் டேஷ்போர்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வயரில் உண்டாகும் சூடு கரன்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும். கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஆம்னியில் இன்ஜின், பெட்ரோல் லைன், வயரிங் எல்லாம் சீட்டுக்குக் கீழே. பல வண்டிகளில் எல்பிஜி கிட் வேறு. கதவு நெரிசலில் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பது வயதானவர்கள், குழந்தைகள்.

பிளேடு ஃபியூஸில் நிறமே அளவைச் சொல்லும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்ப். கழற்றிய நிறத்தையே திரும்பப் போட வேண்டும். அதே நிறம் மறுபடி போனால் எங்கேயோ வயர் உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கும்வரை அந்த லைனை ஃபியூஸ் இல்லாமல் விட்டுவிடுவது நல்லது. நாலைந்து ஃபியூஸ் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைக்க ஒரு டீ, வடைச் செலவுதான்.

ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100 வாட் போடுவதும் இதே ரகம். 60 வாட்டில் இரண்டு பல்பும் சேர்ந்து 10 ஆம்ப் எடுக்கும். 100 வாட்டில் கிட்டத்தட்ட 17. அதே பழைய வயர், அதே பழைய ஸ்விட்ச். ஸ்விட்ச் உருகிய நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். வெளிச்சம் போதவில்லை என்றால், அதே வாட் பல்பை வைத்துக்கொண்டு ரிலே போட்ட புது வயரிங் செய்தாலே வித்தியாசம் தெரியும். மங்கிய ஹெட்லைட்டுக்கும் பல நேரம் காரணம் வோல்ட்டேஜ் வழியில் தொலைவதுதான்.

எலியும் வெள்ளமும்

வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் எலி வயரைக் கடிக்கும். இன்ஜின் பக்கம் எலிப் புழுக்கை கிடந்தால், திடீரென்று செயலிழந்த ஏதாவது ஒரு லைனுக்கு அங்கிருந்தே தேடலைத் தொடங்கலாம்.

செகண்ட்ஸில் வாங்கிய வண்டி என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ சென்னையில் மூழ்கிய வண்டியா என்று பாருங்கள். கப்ளரைப் பிரித்தால் பின்கள் பச்சை பூத்திருக்கும். வயரின் முனையைச் சீவினால், உள்ளே செம்பு கறுத்திருக்கும். அப்படி இருந்தால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அந்தப் பகுதி வயரிங்கையே மாற்ற வேண்டியிருக்கும்.

அப்பாக்கள் செய்யும் அந்த ஒரு டெஸ்ட்

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது. 'வண்டி நிக்கலைன்னா டைனமோ நல்லாருக்கு' என்று அர்த்தமாம். ஒரு காலத்து வண்டிகளுக்கு ஓடிய வித்தை இது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில், பேட்டரி திடீரென்று விலகினால் வோல்ட்டேஜ் எகிறும். அதில் டையோடு போகலாம், எம்பிஎஃப்ஐ மாடலில் இசிஎம் போகலாம். மீட்டரில் 14 காட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும் விஷயத்துக்கு இந்த ரிஸ்க் தேவையில்லை.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறி பாடியைத் தொட்டால், நெகட்டிவ் மாட்டியிருந்தால் தீப்பொறி பறக்கும். கழற்றியிருந்தால் ஒன்றும் ஆகாது. காரணம் அவ்வளவுதான். இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது கடைசிக் கிளிப்பை, இறங்கிப்போன பேட்டரியின் நெகட்டிவில் மாட்டாமல், தள்ளி இன்ஜின் இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். கடைசிக் கிளிப்பில்தான் பொறி வரும்.

டெர்மினலில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், ஆப்பசோடா கலந்த வெந்நீரில் கழுவி, துடைத்துக் காயவைத்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவலாம். தடவிவிட்டு இறுக்குவது அல்ல, இறுக்கிவிட்டுத் தடவுவது.

எலக்ட்ரீசியனிடம் என்ன சொல்வது?

'வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க' என்று சொன்னால் பேட்டரியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அது அவர்கள் தப்பும் இல்லை. வாசலில் பத்து வண்டி நிற்கும்போது, பெரும்பாலும் சரியாக வரும் யூகத்தைத்தான் யாரும் முதலில் சொல்வார்கள். ஈரோட்டு மகள் மூன்று எண்களை ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போனார். கடைவீதியில் வயரிங் மட்டும் பார்க்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன், பேப்பரைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்ணா, இன்ஜின் எர்த்தை எப்பக் கடைசியாக் கழட்டுனீங்க?"

அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. ஒன்றரை வருடம் முன்னால் கிளட்ச் வேலைக்கு கியர் பாக்ஸ் இறக்கியிருந்தார்கள். திரும்ப மாட்டியபோது எர்த் பட்டையின் போல்ட்டை, கிரீஸும் துருவும் இருந்த இடத்திலேயே அப்படியே இறுக்கியிருக்கிறார்கள். கழற்றிக் காட்டினார் எலக்ட்ரீசியன். பின்னல் பாதிக்கு மேல் அறுந்து, மிச்சம் பச்சைத் தூளாகக் கையில் உதிர்ந்தது.

புதுப் பட்டைக்கும் கூலிக்கும் சேர்த்து ஆன செலவு, ஒரு பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. போல்ட் உட்காரும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டுத்தான் மாட்டினார். மறுபடி செல்ஃப் அடித்து அளந்தபோது, 3.8 இருந்த இடத்தில் 0.1. ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டு பேட்டரியில் 14.0. பேட்டரியை மட்டும் கழற்றி, ராத்திரி முழுக்க மெதுவாக சார்ஜ் போட்டுக் கொடுத்தார். "இது இன்னும் சாகலைங்க அம்மிணி, ஆனா இதுக்கு மேல பட்டினி போட்டீங்கன்னா செத்துரும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை, 4.50 மணி. சாவி திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அம்மா பின் சீட்டில் ஏறி, கதவை இழுத்துச் சாத்தினார். வண்டி தெருமுனையில் பிரேக் அடித்தபோது, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகளுக்கு ஒன்று தெரிந்தது: இடது இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. போனை எடுத்தார்.

"பார்த்தேன், பார்த்தேன். ஞாயித்துக்கிழமை ஹோல்டரைக் கழட்டலாம், உப்புத்தாள் மட்டும் வாங்கி வெச்சிரு" என்றார் அப்பா.